வட நோர்வேக் கரையில் ஒரு குளிர்வாரம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜனவரி வந்தால் ஒஸ்லோவிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஊரிலிருந்தும் ஒரே கேள்விகள்தான் வரும். வேலை கிடைத்து வருகிறவர்கள், பிள்ளை படிக்கும் இடத்தைப் பார்க்க வருகிறவர்கள், அரோரா என்ற வடதுருவ வானொளியைப் பார்க்க வருகிறவர்கள், எல்லோருக்கும் குளிரைப் பற்றித்தான் கவலை. ட்ரொம்சோவிலிருந்து ஹம்மர்பெஸ்ட், ஹொனிங்ஸ்வோக், போட்ஸ்பியோர்ட், வார்டோ வழியாகக் கிர்கனெஸ் வரை நீளும் கரையில் குளிர் இறங்கும் ஒரு வாரத்தை மனதில் வைத்து இவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். வடகோடி மாவட்டமான பின்மார்க்கின் உள்நாட்டு மேட்டுநிலத்துக்குப் போகிறவர்களுக்கு இது போதாது. அங்கே கணக்கே வேறு.

செய்தியில் மைனஸ் 40 என்கிறார்கள். கரையிலும் அப்படித்தானா?

இல்லை. அந்த எண்கள் கௌதொகெய்னோ, கராஷொக் போன்ற உள்நாட்டு ஊர்களுடையவை. 2024 ஜனவரி 5 அன்று கௌதொகெய்னோவில் மைனஸ் 43.5 பதிவானது. நோர்வேயில் இதுவரை பதிவான மிகக் கடும் குளிர் கராஷொக்கில், 1886 ஜனவரி 1 அன்று, மைனஸ் 51.4. இரண்டு ஊர்களும் கடலுக்குத் தூரத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இருப்பவை. முகிலும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுக்கொண்டே இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் இறங்கி அங்கேயே தேங்கிவிடும்.

ட்ரொம்சோ நகர வானிலை நிலையத்தில் பதிவான மிகக் குறைந்த வெப்பநிலையே மைனஸ் 18.4 தான், 1966 பெப்ரவரியில். ஜனவரிச் சராசரி மைனஸ் 4ஐ ஒட்டி இருக்கும். ஆகவே வெளிக் கரையில் குளிர்வாரம் என்றால் மைனஸ் 8 முதல் மைனஸ் 15 வரை எதிர்பாருங்கள். ஃபியோர்டின், அதாவது நிலத்துக்குள் நீண்டு நுழையும் கடற்கையின், உள்முனையில் இருக்கும் ஊர்கள், கிர்கனெஸ், அல்தா மாதிரி, இதைவிடக் கீழே போகும். அங்கே மைனஸ் 20ஐத் தாண்டினால் யாரும் பெரிதாக எடுப்பதில்லை.

இவ்வளவு வடக்கே இருந்தும் ஏன் இவ்வளவுதான்?

கடல். அட்லாண்டிக்கிலிருந்து வரும் வெப்ப நீரோட்டம் நோர்வேக் கரையோரமாக வடக்கே ஏறி பேரன்ட்ஸ் கடலுக்குள் நுழைகிறது. நடுக் குளிர்காலத்திலும் இந்தக் கரையின் நீர் உறைநிலைக்கு மூன்று நான்கு பாகை மேலேயே நிற்கும். ஹொனிங்ஸ்வோக்கின் அகலாங்கு ஏறத்தாழ 71. அலாஸ்காவின் உட்கியாக்விக்கும் அதே அகலாங்கில்தான் இருக்கிறது. அங்கே ஜனவரிச் சராசரி மைனஸ் 20க்கும் கீழே, கடல் கட்டியாகக் கிடக்கும். இங்கே துறைமுகம் ஆண்டு முழுக்கத் திறந்திருக்கிறது.

அப்படியென்றால் மைனஸ் 10 தானே! ஒஸ்லோவில் அதைவிடக் குளிரைப் பார்த்திருக்கிறோம்.

இந்தப் பக்கத்தை எழுத வைத்ததே இந்தப் பேச்சுத்தான். கரையில் வெப்பமானியை மட்டும் பார்த்து வெளிக்கிடக்கூடாது. காற்றைப் பாருங்கள். மைனஸ் 10இல் வினாடிக்கு 10 மீட்டர் காற்று அடித்தால் முகத்துக்கு அது மைனஸ் 20 போல இருக்கும். மைனஸ் 5இல் 15 மீட்டர் காற்று என்றால் மைனஸ் 15. வார்டோவிலும் பெர்லவோகிலும் 15 மீட்டர் காற்று குளிர்காலத்தில் வெகு சாதாரணம். மரம் கிடையாது, மறைவு கிடையாது, ஒரு தெருவில் திரும்பியதும் காற்று ஆளைத் தள்ளும்.

நோர்வே வானிலைக் கழகமும் அரச ஒளிபரப்பான என்ஆர்கேயும் சேர்ந்து நடத்தும் "யூர்" செயலியில் வெப்பநிலைக்குப் பக்கத்தில் காற்றின் வேகம் இருக்கும், அதன் அருகே அடைப்புக்குள் இன்னொரு எண் இருக்கும். அந்த இரண்டாவது எண் திடீர் வீச்சின் வேகம். கடைக்கு நடந்து போகலாமா வேண்டாமா என்பதை நான் அதை வைத்துத்தான் முடிவெடுப்பேன்.

இன்னொன்று ஈரம். ஒஸ்லோவின் மைனஸ் 15 பெரும்பாலும் காய்ந்த, அமைதியான குளிர். இங்கே கடலிலிருந்து வரும் ஈரப்பனி உடுப்பில் ஒட்டி, உருகி, நனைத்து, பிறகு காற்று அந்த நனைந்த துணியைக் குளிரவைக்கும். நனைந்தவனுக்கு மைனஸ் 2 கூட ஆபத்து.

குளிர்வாரம் எப்படித் தொடங்கும், எப்படி முடியும்?

எல்லா வாரமும் ஒரே மாதிரி இராது. ஆனாலும் அடிக்கடி நடப்பது இது: தெற்கிலோ தென்கிழக்கிலோ இருந்து தரைக்காற்று வரத் தொடங்கும். மேட்டுநிலத்தில் தேங்கிய குளிர், ஃபியோர்டுகள் வழியாக வழிந்து கடலை நோக்கி ஓடும். வானம் தெளியும், நட்சத்திரம் தெரியும், வெப்பநிலை இறங்கும். பார்க்க மிக அழகான நாட்கள் இவை. ஃபியோர்டின் வாய்க்கு நேரே இருக்கும் வீதிகளில் மட்டும் காற்று குழாய்க்குள் போவது போல வேகமெடுக்கும். லக்சஃபியோர்டுப் பக்கம் ஓடுகிறவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

பிறகு காற்று வடக்கு அல்லது வடமேற்குக்குத் திரும்பும். வெப்பநிலை கொஞ்சம் ஏறும். "அப்பாடா, குளிர் குறைந்துவிட்டது" என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பது இந்த இடத்தில்தான். உண்மையில் பனிமழை தொடங்கப்போகிறது. ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியாது, அடுத்த பத்து நிமிடம் வெளிச்சம், மறுபடி வெள்ளை. கடைசியில் தென்மேற்கிலிருந்து அட்லாண்டிக் காற்று வந்து எல்லாவற்றையும் உருக்கும். அதைப் பற்றிக் கடைசிக் கேள்வியில்.

"போலார் லோ" என்று பயமுறுத்துகிறார்களே, அது என்ன?

ஆர்க்டிக் பனிக்கட்டியின் மேலிருந்து கிளம்பும் மிகக் குளிர்ந்த காற்று, திறந்த கடலின் மேல் வரும்போது கீழே இருந்து சூடும் ஈராவியும் ஏறும். அந்த வேறுபாட்டில் பிறக்கும் சிறு புயல்தான் இது. சில நூறு கிலோமீட்டர் அகலம்தான், ஆயுளும் பெரும்பாலும் ஒரு நாள் அளவுதான். சிறிதாக, குறுகிய ஆயுளோடு இருப்பதுதான் சிக்கல். வங்கக்கடல் புயல் போல நாட்கணக்கில் முன்கூட்டியே பின்தொடர முடியாது. வெறும் தென்றலாக இருந்த கடல் ஓரிரு மணியில் புயல் வேகத்துக்குப் போய்விடும், கண்ணுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத பனியோடு. செய்மதிப் படங்கள் வருவதற்கு முன் எத்தனையோ மீன்பிடிப் படகுகள் இதில் போயிருக்கின்றன.

வானிலைக் கழகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று எச்சரிக்கை விடும். செம்மஞ்சள் என்றால் பயணத்தைத் தள்ளிவையுங்கள்.

என்ன உடுப்பது? இருப்பதிலேயே தடித்த ஜாக்கெட் ஒன்று வாங்கினால் போதாதா?

போதாது. தடித்த ஜாக்கெட்டுக்குள் பருத்தி பெனியன் போட்டவர்தான் முதலில் நடுங்குவார். வியர்வையைப் பருத்தி பிடித்துவைத்துக்கொள்ளும், கம்பளி அப்படிச் செய்யாது. தோலோடு ஒட்டி மெல்லிய கம்பளி, மேலும் கீழும் இரண்டிலும். அதற்கு மேல் தடித்த கம்பளியோ ஃப்ளீஸோ. எல்லாவற்றுக்கும் வெளியே காற்றுப் புகாத, நீர் புகாத ஓர் உறை. பணம் குறைவென்றால் ஜாக்கெட்டில் மிச்சம் பிடியுங்கள், உள் கம்பளியில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஜனவரியில் மலிவு விற்பனை நடக்கும், அப்போது வாங்கலாம்.

சப்பாத்து ஓர் அளவு பெரிதாக இருக்கட்டும். உள்ளே கம்பளிக் காலுறை போட்டு விரலை அசைக்க இடம் வேண்டும். இறுக்கமான சப்பாத்தில் இரத்தம் ஓடாது, கால் முதலில் உறையும். கையுறையில் ஐந்து விரல் பிரிந்ததை விட, விரல்கள் ஒன்றாக இருக்கும் வகை சூடு தரும். போன் பார்க்க வசதியில்லை என்று பிள்ளைகள் முணுமுணுப்பார்கள். முணுமுணுக்கட்டும்.

ஒளிபட்டால் மின்னும் பட்டி ஒன்றையும் கையிலோ பையிலோ கட்டிக்கொள்ளுங்கள். நாள் முழுக்க இருட்டு, நாம் வாங்குவதும் பெரும்பாலும் கறுப்பு ஜாக்கெட். சாரதிக்கு ஆள் தெரியவே தெரியாது.

விழாவுக்குச் சேலை உடுத்திக்கொண்டு போகலாமா?

தாராளமாக. சேலைக்குள் கம்பளிக் கால்சட்டை, மேலே நீண்ட ஜாக்கெட், காலில் பூட்ஸ், பையில் செருப்பு. இங்குள்ள அக்காமார் காலகாலமாகச் செய்துவருவது இதுதான். மண்டப வாசலில் பூட்ஸ் மலை ஒன்று குவிந்திருக்கும். உங்களுடையதில் ஓர் அடையாளம் போட்டுவையுங்கள்.

பிள்ளைகளை இந்தக் குளிரில் வெளியே விடுகிறார்கள் என்று பாட்டி அழுகிறார். உண்மையா?

உண்மை. பாலர் பாடசாலையில் தினமும் வெளியே விளையாட விடுவார்கள். கைக்குழந்தைகளைத் தள்ளுவண்டியில் கம்பளிப் பைக்குள் வைத்து வெளியே தூங்கவைப்பதும் இங்கே வழக்கம். மைனஸ் 10 அளவுக்குக் கீழே போனாலோ காற்று கடுமையாக இருந்தாலோ பொதுவாக உள்ளே எடுத்துவிடுவார்கள். இடத்துக்கு இடம் இது மாறும், ஆசிரியரிடம் நேரே கேளுங்கள்.

குளிருக்காகப் பாடசாலை மூடமாட்டார்கள். வீதி மூடப்பட்டுப் பேருந்து ஓடாவிட்டால் மட்டும் வீட்டில் இருக்கலாம். பிள்ளையின் அலுமாரியில் மாற்றுக் கையுறை இரண்டு சோடி இருக்கட்டும். முதல் சோடி பத்து மணிக்கே நனைந்துவிடும். கழுத்துத் துண்டாக நீளச் சால்வை வேண்டாம், விளையாட்டுக் கம்பிகளில் சிக்கும். தலைவழியாகப் போடும் குழாய் வடிவத்தை வாங்குங்கள்.

பாட்டிக்கு என்ன சொல்வது என்று எனக்குத் தெரியாது. வீடியோவில் பிள்ளையின் சிவந்த கன்னத்தைக் காட்டினால் இன்னும் அழுவார்.

சூரியன் உண்மையிலேயே வராதா? அப்படியென்றால் பொங்கல்?

ஹொனிங்ஸ்வோக், ஹம்மர்பெஸ்ட், வார்டோ எல்லாவற்றிலும் நவம்பர் பிற்பகுதியில் மறையும் சூரியன் ஜனவரி 20ஐ ஒட்டித்தான் மீண்டும் தெரியும். ட்ரொம்சோவில் கணக்குப்படி சில நாள் முன்னதாகவே அடிவானத்தைத் தொட்டாலும் மலைகள் மறைப்பதால் 21ஆம் தேதிதான் சூரிய நாள். அன்று ஊரே இனிப்பு நிரப்பிய பன் வாங்கித் தின்னும். வார்டோவில் கோட்டை மதிலிலிருந்து சூரியனின் முழு வட்டமும் தெரிந்தால் பீரங்கி வெடித்து வரவேற்பார்கள், பள்ளிப் பிள்ளைகளுக்கு விடுமுறையும் உண்டு.

ஆக, தைப்பொங்கலன்று இந்தக் கரையில் எங்குமே சூரியனைக் காண முடியாது. பொங்கல் குசினி அடுப்பில்தான் பொங்கும். நடுப்பகலில் தெற்கு அடிவானத்தில் செம்மையும் நீலமுமாக ஒரு வெளிச்சம் ஒன்றிரண்டு மணி நேரம் நிற்கும். யன்னலை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு படைப்பவர்களும் உண்டு, யாழ்ப்பாணத்துச் சூரியோதய நேரத்தைப் பார்த்துப் பானை வைப்பவர்களும் உண்டு. இரண்டாவது வழிக்கு நேர வேறுபாட்டால் நடுச்சாமம் தாண்டி விழித்திருக்க வேண்டும். இரண்டுமே சரிதான் என்பது என் கட்சி.

முழு இருட்டு என்று நினைத்துப் பயப்பட வேண்டாம். தெளிந்த வாரத்தில் பனி, நிலா, அந்த மதிய நீலம் எல்லாம் சேர்ந்து வெளியே நடக்கப் போதுமான வெளிச்சம் இருக்கும். முகில் மூடிய வாரம்தான் மனதை அழுத்தும்.

விற்றமின் டி குளிசை எடுக்க வேண்டுமா?

நோர்வேக்காரர்களே மீனெண்ணெய் குடிக்கிறார்கள். மாதப் பெயரில் "ர்" எழுத்து வருகிற மாதமெல்லாம், செப்டெம்பரிலிருந்து ஏப்ரல் வரை, குடிக்க வேண்டும் என்பது இங்குள்ள பழைய வழக்கம். கருந்தோலுக்கு அதே அளவு விற்றமின் உண்டாக்க இன்னும் அதிக வெயில் வேண்டும். இங்கே பல மாதங்களுக்கு அந்த வெயிலே இல்லை. குடும்ப வைத்தியரிடம் ஒரு இரத்தப் பரிசோதனை கேட்டு, அவர் சொல்லும் அளவில் எடுங்கள்.

வீட்டுக்குள் எப்படி? கணப்பை இரவில் நிறுத்தலாமா?

குறையுங்கள், நிறுத்தாதீர்கள். முக்கியமாக வீட்டைப் பூட்டி வெளியூர் போகும்போது. பழைய மரவீடுகளில் தண்ணீர்க் குழாய் வெளிச்சுவரை ஒட்டியோ தரைக்கு அடியிலோ ஓடும். அறைச்சூடு இறங்கினால் குழாய்க்குள் நீர் உறைந்து விரியும், குழாய் வெடிக்கும். வெடித்தது அப்போது தெரியாது. குளிர் விட்டபின் கூரையிலிருந்து சொட்டத் தொடங்கும்போதுதான் தெரியும். கடும் குளிர் இரவில் குழாயை நூல் மாதிரி ஒழுக விடுவதும், கழுவும் தொட்டிக்குக் கீழுள்ள அலுமாரிக் கதவைத் திறந்து வைப்பதும் உதவும். முதன்மைத் தண்ணீர் வால்வு எங்கே இருக்கிறது என்று வீட்டுக்காரரிடம் முதல் நாளே கேட்டு வையுங்கள்.

நம்மவர் வீடுகளுக்கென்று தனியாக ஒரு பிரச்சினை உண்டு: சமையல் ஆவி. சோறு, குழம்பு, புட்டு, இடியப்பம் என்று நாள் முழுக்க நீராவி. வெளியே குளிர் என்று யன்னல், காற்றோட்டத் துளை எல்லாவற்றையும் துணி வைத்து அடைத்துவிடுகிறோம். அந்த ஈரம் குளிர்ந்த வெளிச்சுவரில் போய்ப் படிந்து, கட்டிலுக்குப் பின்னாலும் அலுமாரிக்குப் பின்னாலும் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். பிள்ளைகளுக்கு இழுப்பு வரக் காரணமே இதுவாக இருக்கலாம். சமைக்கும்போது விசிறியைப் போடுங்கள், துளைகளை அடைக்காதீர்கள், ஒரு நாளைக்கு இரண்டு தடவை யன்னல்களை அகலத் திறந்து ஐந்து நிமிடத்தில் மூடுங்கள். அவ்வளவு நேரத்தில் காற்றுதான் மாறும், சுவர் ஆறாது. தளபாடங்களைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம்.

கறண்ட் பில் எவ்வளவு வரும்?

வீட்டையும் ஆண்டையும் பொறுத்தது. ஆனால் தெற்கில் இருப்பவர்கள் சொல்லும் கதைகளை வைத்துப் பயப்பட வேண்டாம். வட நோர்வே தனி மின்விலை வலயம். பெரும்பாலும் தெற்கைவிட மலிவு. நூர்லான்ட், ட்ரொம்ஸ், பின்மார்க் வீடுகளுக்கு மின்சாரத்தில் மதிப்புக்கூட்டு வரி கிடையாது. பின்மார்க்கிலும் வட ட்ரொம்சிலும் மின்வரியும் இல்லை.

கார் ஓட்டலாமா?

பனியில் ஓட்டிப் பழகாதவர் இந்த வாரத்தில் பழகத் தொடங்க வேண்டாம். பேருந்து இருக்கிறது.

ஓட்டத் தெரிந்தவர்களுக்கு: ஆணி பதித்த டயர் இந்த மூன்று வட மாவட்டங்களிலும் ஒக்டோபர் 16 முதல் ஏப்ரல் 30 வரை அனுமதி. வாடகைக் காரிலும் அதையே கேளுங்கள். எரிபொருள் தாங்கி பாதிக்குக் கீழே இறங்க விடாதீர்கள். மின்சாரக் கார் என்றால் குளிரில் ஓடும் தூரம் நன்றாகக் குறையும். செருகியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிட்டு வெளிக்கிடுங்கள். வண்டியில் போர்வை, மண்வெட்டி, தலைவிளக்கு, தண்ணீர், ஏதாவது தின்ன, இவை இருக்கட்டும். பனியில் மாட்டி நிற்க நேர்ந்தால் எஞ்சினை ஓடவிடுவதற்கு முன் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். குழாய் அடைபட்டால் கார்பன் மோனொக்சைட் உள்ளே வரும். மணமில்லை, நிறமில்லை, தூங்குவது போலவே ஆளைக் கொண்டுபோய்விடும்.

"கொலோன்" ஓட்டம் என்று பலகை போட்டிருக்கிறது. காத்திருக்க வேண்டுமா, திரும்ப வேண்டுமா?

மலைவீதியில் காற்றும் பனியும் மோசமாகும்போது வண்டிகளைத் தடுப்புக் கம்பத்தில் சேர்த்து, முன்னால் பனி அகற்றும் வண்டி ஒன்று வழிகாட்ட, வரிசையாகக் கூட்டிக்கொண்டு போவார்கள். நோர்காப் முனைக்குப் போகும் ஈ69 வீதியின் கடைசிப் பகுதியில் குளிர்காலம் முழுக்க இப்படித்தான். குறித்த நேரத்துக்கு முன்னதாகப் போய் நில்லுங்கள், தாங்கி நிறைந்திருக்கட்டும், சூடான உடுப்பு பெட்டிக்குள் அல்ல, கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முன் வண்டியின் சிவப்பு விளக்கைக் கண்ணிலிருந்து தவற விடாதீர்கள். இடையில் நின்றுவிட்டால் வண்டியை விட்டு இறங்கி நடக்கவே கூடாது.

காற்று இன்னும் கூடினால் வீதியையே மூடுவார்கள். மணிக்கணக்கில், சில வேளை ஒரு நாளுக்கு மேலும். நிலவரம் அறிய 175ஐ அழைக்கலாம். மூடிய வீதியைத் திறக்கச் சொல்லி யாரோடும் வாதாடிப் பயனில்லை.

விமானம், கப்பல் நேரத்துக்கு ஓடுமா?

குளிருக்காக நிற்பதில்லை, காற்றுக்காக நிற்கும். இந்தக் கரையின் சிறு விமான நிலையங்களில் ஓடுபாதை குட்டை, சுற்றிலும் மலை. பக்கக் காற்று கூடினால் விமானம் மேலே வட்டமிட்டுவிட்டு அடுத்த ஊரில் இறங்கும். ஒஸ்லோவிலிருந்து நாடு திரும்பும் விமானம் இருப்பவர்கள் இங்கிருந்து ஒரு நாள் முன்னதாகவே கிளம்பிவிடுவது புத்தி. பேர்கனுக்கும் கிர்கனெசுக்கும் இடையே ஓடும் கரையோரக் கப்பல்கள் பெரியவை, தாங்கும். ஆனாலும் மோசமான நாளில் சில துறைமுகங்களைத் தொடாமல் போய்விடும். வாந்தி எடுப்பவர்கள் மாத்திரையைக் கப்பல் புறப்பட முன் போட வேண்டும், ஆட ஆரம்பித்தபின் அல்ல.

கடல் உறையுமா?

திறந்த கடல் இங்கே உறையாது. ஃபியோர்டின் உள்மூலைகளில், ஆற்றுநீர் கலக்கும் இடங்களில், மெல்லிய கட்டி படரும். அதன் மேல் நடந்து பார்க்க ஆசைப்பட வேண்டாம். மைனஸ் 15 அளவில் கடல் புகைவதைக் காணலாம். மிதமான நீருக்கு மேல் கடும் குளிர்காற்று நிற்கும்போது எழும் நீராவி அது.

படகுக்காரருக்கு இது அழகான காட்சி இல்லை. குளிர்காற்றில் எகிறும் கடல்நீர் கம்பியிலும் மேல்தளத்திலும் பட்டவுடனே உறையும். தட்டத் தட்ட ஏறும். மேல்பாரம் கூடினால் சிறு படகு கவிழும். அதனால் மீன் எவ்வளவு வந்தாலும் குளிர்காற்று வாரத்தில் பல சிறு படகுகள் துறையைவிட்டு அசையா. துறைமுகத்தில் மீன் வேலையும் அந்த வாரம் மெலிந்துவிடும்.

கருவாட்டுக்காரருக்கும் இதே கவலை. தெற்கே லொபோத்தன் தீவுகளில் பெப்ரவரி முதல் மே வரை கொட் மீனை உப்பில்லாமல் மரச்சட்டங்களில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். உறைநிலையை ஒட்டிய, ஈரம் குறைந்த காற்றுதான் அதற்குத் தோது. கடுமையாக உறைந்தால் நீர் பனிக்கட்டியாக விரிந்து தசையைக் கிழிக்கும். மீன் பஞ்சாகிவிடும், தரம் இறங்கும்.

இவ்வளவு குளிருக்குள் நம்மவர்கள் எப்படி வந்து சேர்ந்தார்கள்?

மீனால்தான். 1980களின் நடுவிலிருந்து போருக்குத் தப்பி நோர்வே வந்தவர்களில் பலர் பின்மார்க் கரையின் மீன் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள். ஊர்க்காரர் தெற்குக்குப் போய்க்கொண்டிருந்த காலம், ஆள் தட்டுப்பாடு. மொழி குறைவாகத் தெரிந்தாலும் கத்தி பிடிக்கத் தெரிந்தால் சம்பளம் கிடைத்தது. சில ஆயிரம் பேர் வாழும் துறைமுக ஊர்களில் தமிழ்க் கடையும், பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பும், மாவீரர் நாளும் நடந்தன. பிறகு பெரும்பாலோர் பிள்ளைகளின் படிப்பு, உறவினர், வெளிச்சம் என்று ஒஸ்லோப் பக்கம் நகர்ந்துவிட்டார்கள். தங்கிவிட்டவர்களும் இருக்கிறார்கள். குளிர் பற்றி எந்த இணையப் பக்கத்தையும்விட அவர்களைக் கேட்பது நல்லது.

வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: தொழிற்சாலைக்குள்ளும் குளிர்தான். மீன் கெடாமல் இருக்க மண்டபத்தைக் குளிராகவே வைத்திருப்பார்கள். ஈரத் தரை, ஐஸ் தண்ணீர், ஒரே இடத்தில் நின்று வேலை. ரப்பர் கையுறைக்குள் மெல்லிய கம்பளிக் கையுறை, ரப்பர் பூட்சுக்குள் தடித்த காலுறையும் உள்தட்டும் போடுங்கள். இடைவேளையில் காலுறை மாற்றுங்கள்.

அரோரா தெரியுமா?

தரைக்காற்று வீசும் தெளிந்த இரவுகள்தான் அதற்கு நல்லவை, அதாவது மிகக் குளிரான இரவுகள். மாலை ஆறிலிருந்து நடுச்சாமம் வரை பாருங்கள். ஊர் விளக்குக்குக் கொஞ்சம் வெளியே போனால் போதும், காசு கட்டித்தான் பார்க்க வேண்டும் என்றில்லை. போனை உள்சட்டைப் பையில் வையுங்கள், வெளியே வைத்தால் பற்றரி படம் எடுக்கும் நேரம் பார்த்துச் செத்துவிடும். வாகனம் ஓடும் வீதியின் நடுவே முக்காலியை வைக்கிறவர்களை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம்.

கன்னம் வெள்ளையாகி உணர்ச்சி இல்லாமல் போனால்?

உறைபுண்ணின் தொடக்கம். மூக்கு நுனி, கன்னம், காது, விரல்நுனி. உள்ளே போங்கள், வெறும் கையை வைத்து அழுத்திச் சூடாக்குங்கள். தேய்க்கக் கூடாது, பனியால் தேய்ப்பது இன்னும் மோசம். அடுப்பிலோ கணப்பிலோ நேரே காட்டவும் கூடாது, மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கருந்தோலில் வெண்மை தெளிவாகத் தெரியாமல் சாம்பல் நிறமாக, மெழுகு போலத் தோன்றலாம். அதனால் நிறத்தைவிட உணர்ச்சியைக் கவனியுங்கள். கொப்புளம் வந்தாலோ உணர்ச்சி திரும்பாவிட்டாலோ அவசர வைத்தியரை 116117இல் அழையுங்கள். ஆள் உளறினாலோ, நடுக்கம் நின்று சோர்ந்தாலோ அம்புலன்ஸுக்கு 113.

சாராயம் உடம்பைச் சூடாக்காது. தோலுக்கு இரத்தத்தை அனுப்பி உள்ளிருக்கும் சூட்டைத்தான் வெளியேற்றும்.

மலைப்பக்கம் நடக்கலாமா?

"வார்சொம்" தளத்தில் பனிச்சரிவு அபாயம் 1 முதல் 5 வரை போட்டிருப்பார்கள். அனுபவமில்லாதவர் எண் எதுவானாலும் சரிவான மலைக்கும் அதன் அடிவாரத்துக்கும் போகாமல் கரையோர நடைபாதையிலேயே நில்லுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பிளஸ் 4, மழை என்கிறது. இனிப் பிரச்சினை முடிந்ததுதானே?

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் நான் அதிகம் பயப்படுவேன். ஒரு வாரமாக உறைந்து கிடந்த தரையின் மேல் மழை விழுந்தால் கண்ணாடி போட்டது மாதிரி ஆகிவிடும். மேலே ஒரு படலம் தண்ணீர் நிற்க, கீழே பனிக்கட்டி. கடும் குளிரில் பனி காய்ந்து, காலுக்குக் கீழே கறகறத்து, ஓரளவு பிடித்துக்கொள்ளும். உறைநிலையை ஒட்டி வந்ததும் அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டு, கணுக்கால், இடுப்பு உடைவதெல்லாம் பெரும்பாலும் இந்த நாட்களில்தான்.

சப்பாத்துக்கு அடியில் ரப்பரால் மாட்டும் ஆணிகள் உண்டு, கடையில் "புரொடர்" என்று கேளுங்கள். மளிகைக் கடையிலேயே தொங்கும், விலையும் பெரிதில்லை. வீட்டு வாசலில் மாட்டுங்கள், கடைக்குள் போகும்போது கழற்றுங்கள், ஓடு பதித்த தரையில் அதுவே வழுக்கும். கால்களைக் கிட்டக் கிட்ட வைத்து, உடம்பைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து நடங்கள், கைகளைப் பையிலிருந்து எடுத்துவிடுங்கள். கூரை ஓரமாக நடக்க வேண்டாம். உருகத் தொடங்கிய பனி பாளம் பாளமாக இறங்கும். கொம்யூன், அதாவது உள்ளூராட்சி, வைத்திருக்கும் பெட்டிகளில் பொடிக்கல் இலவசமாகக் கிடைக்கும் இடங்களும் உண்டு, ஒரு வாளி கொண்டுவந்து படிக்கட்டில் தூவிவிடுங்கள். தபால்காரரும் அந்தப் படியில்தான் ஏற வேண்டும்.